ஒரு ராத்திரிக்குப் பதினைந்தாயிரம்: ஸ்டார் ஓட்டல் அந்தக் காசுக்குத் தகுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா இந்த வருடம் ஓய்வு பெறுகிறார், அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவிட்டு, ஊர் திரும்பிய அன்றே அப்பா அம்மா இருவரையும் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒரு நாள் தங்கவைக்க ஆசைப்படுகிறேன். வரியோடு பதினைந்தாயிரம் ஆகிறது. அண்ணன், "ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க இவ்வளவா? அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாம்" என்கிறார். விலை கூடின ஓட்டல்கள் உண்மையிலேயே கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்: உங்கள் அப்பா அம்மாவுக்குத் தகும். ஆனால் திருக்கடையூரிலிருந்து திரும்பிய அன்றே என்ற திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஹோமம், கலச அபிஷேகம், உறவுக்காரர்கள் சாப்பாடு, அப்புறம் கிழக்குக் கடற்கரை வழியாக நாள் முழுக்க வேன் பயணம். இவ்வளவும் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டலுக்குள் நுழைந்தால், அறையைப் பார்ப்பதற்குள் தூங்கிவிடுவார்கள். காலையில் எழுந்து குளித்துச் சாப்பிட்டால் கிளம்பும் நேரம் வந்துவிடும். பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குவதில் பாதியைக்கூட அவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். நகரத்து ஸ்டார் ஓட்டல்களில், அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து, பிறகு வரவேற்பைப் பார்க்கும் ஃப்ரண்ட் ஆபீஸ் வரைக்கும் பல வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை எங்கள் தெருவிலேயே பல பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்தால், யாருக்கு எப்போது தகும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் அறை. விலை கூடின அறையில் கண்ணுக்குத் தெரிகிற பளிங்கும் விளக்கும் ஒருமுறை போட்ட செலவு. தினமும் ஆகிற செலவு ஆட்களுக்குத்தான். நம் ஊர் பெரிய ஓட்டல்களில் ஒரு அறைக்கு ஒரு ஆளுக்கு மேல் வேலை செய்வார்கள். அந்தக் கைகளுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இதைப் புரியவைக்க ஒரு அறை எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன்.

விருந்தினர் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்கிறார். ரூம் பாய் உள்ளே போனதும் திரைச்சீலையைத் திறப்பார், ஏசியை நிறுத்துவார், படுக்கையில் இருக்கும் துணி மொத்தத்தையும் உருவி எடுப்பார். விரிப்பு, தலையணை உறை, போர்வையின் மேலுறை எதுவும் மிஞ்சக் கூடாது. ஒரு ராத்திரி ஒருவர் மட்டும் படுத்து, ஒரு தலையணை கசங்காமல் இருந்தாலும் அதன் உறையும் சலவைக்குப் போகும். அடியில் மெத்தைக்குப் போடும் பாதுகாப்பு உறையில் கறை இருக்கிறதா என்று பார்ப்பார். புது விரிப்பை விரித்து நான்கு மூலையிலும் மடித்துச் செருகுவார். ராத்திரி புரண்டு படுத்தாலும் அது கழன்று வராது. குளியலறையில் கம்மோடுக்கு ஒரு நிறத் துணி, வாஷ்பேசினுக்கு வேறு நிறம், கண்ணாடிக்கு இன்னொன்று. தண்ணீர் குடிக்கிற கண்ணாடி டம்ளரை அங்கேயே துடைத்து வைக்கக் கூடாது, வெளியே எடுத்துப்போய்க் கழுவ வேண்டும். கடைசியாக, உலர்ந்த துணியோடு முட்டி போட்டு, உள்மூலையில் ஆரம்பித்துப் பின்னோக்கியே நகர்ந்து, தரையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். ஒரு முடி கிடந்தாலும் அந்த அறை திரும்ப அவரிடமே வரும்.

அப்புறம் சூப்பர்வைசர் வருவார். நல்ல சூப்பர்வைசர் நின்றுகொண்டு மட்டும் பார்க்க மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார், கம்மோடில் உட்கார்ந்தால் எது கண்ணில் படும் என்று பார்ப்பார். அலமாரியின் மேல்தட்டில் கை வைத்துத் தடவுவார். எல்லாக் குழாயையும் திறந்து மூடுவார், எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்ப்பார். அவர் சரி என்று கணினியில் பதிந்த பிறகுதான் ஃப்ரண்ட் ஆபீஸ் அந்த அறையை அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். இப்படி ஒரு ஷிப்டில் ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு அறை. சின்ன லாட்ஜில் ஒரே பையன் ஒரு மாடி முழுக்கப் பார்ப்பான், நடுவில் நான்காம் நம்பர் அறைக்கு டீயும் வாங்கி வருவான். அவனிடம் அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு நேரம் இல்லை.

துணியும் அப்படித்தான். பெரிய ஓட்டலில் ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் இருக்கும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். உள்ளேயே சலவை இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் ஓடும், அல்லது பெரிய சலவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கும். சின்ன இடங்களில் அவ்வளவு கையிருப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடிக் கொடியில் துணி காயாது; ஈர வாடையோடு விரிப்பு வருவது அதனால்தான். கம்பளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பல லாட்ஜ்களில் அதை ஆளுக்கு ஆள் துவைப்பது கிடையாது. மலிவான அறையில் தங்க நேர்ந்தால் ஒரு பெட்ஷீட்டும் தலையணை உறையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, சத்தம். இதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. ராத்திரி முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக ஏர் ஹாரன், காற்று திரும்பினால் மணலி வாடை. உங்கள் அப்பா வாழ்நாளில் பாதியை நைட் ஷிப்டில் கழித்து, பகலில் இந்தச் சத்தத்துக்கு நடுவே தூங்கியிருப்பார். நல்ல ஓட்டலில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, இடையில் காற்று அடைப்பு. கதவு கனமான மரம், கீழே இடுக்கு இல்லாமல் ரப்பர் பட்டை. ஒளி புகாத திரை. அறையிலிருந்து அறைக்குப் பேச்சு கேட்காத சுவர். இதற்கெல்லாம் கட்டும்போதே பெரும்பணம் போட்டிருக்கிறார்கள், அதை வாடகையில் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் விலை கூடின ஓட்டல் தருவதில் மிகப் பெரிய விஷயம் இதுதான். விருந்தினர்கள் காலையில் இறங்கி வந்து, "ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்" என்று சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். நீச்சல் குளத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவது, ராத்திரி இரண்டு மணி. ஓட்டலின் தரம் தெரிவது அப்போதுதான். நான் ட்யூட்டியில் இருந்த ஒரு ராத்திரி, வயதான ஒரு விருந்தினருக்கு நெஞ்சு அடைப்பது போல இருந்தது. மனைவி போனில் ஒரு எண்ணை அழுத்தினார். சில நிமிடத்தில் ட்யூட்டி மேனேஜர் மாடியில் இருந்தார், செக்யூரிட்டி லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார், வாசலில் கார் தயார். நல்லவேளையாக அது வாயுத் தொந்தரவு என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த நேரத்தில் நான்கு பேர் விழித்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. பல லாட்ஜ்களில் அந்த நேரத்தில் ரிசப்ஷன் மேசைக்குக் கீழே பாய் விரித்து ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், முன் கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கும். வயதானவர்களைத் தனியாகத் தங்கவைக்கும்போது இதை யோசியுங்கள்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் இதையே சொல்வேன். உள்பக்கம் இரட்டைப் பூட்டு, சாவி அட்டை இல்லாமல் மேலே போகாத லிஃப்ட், எந்நேரமும் ஆள் இருக்கும் ரிசப்ஷன், அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லாத ஊழியர்கள், இவை வேண்டும். இதற்கு ஐந்து நட்சத்திரம் அவசியமில்லை. பெரிய நிறுவனங்கள் நடத்தும் எளிமையான பிசினஸ் ஓட்டல்களில் இதெல்லாம் கிடைக்கும். ஆனால் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சரி, எது வீண்?

பளபளக்கும் லாபி வீண். பெயருக்காகக் கூட்டிய விலை வீண். பயன்படுத்தப் போகாத நீச்சல் குளம், ஜிம், ஸ்பா எல்லாமே உங்கள் வாடகையில் ஏறியிருக்கின்றன. நட்சத்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்தியாவில் முறையாக நட்சத்திரத் தகுதி தருவது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ஒரு குழு. அறையின் அளவிலிருந்து சமையலறைச் சுத்தம், தீத்தடுப்பு வரைக்கும் நேரில் பார்த்துக் கொடுப்பார்கள், ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் இது கட்டாயம் கிடையாது, ஓட்டல் விருப்பப்பட்டு விண்ணப்பிப்பது. முன்பதிவுத் தளங்களில் நீங்கள் பார்க்கும் நட்சத்திரம் பல நேரம் தளமோ ஓட்டலோ தானாகப் போட்டுக்கொண்டது. தங்கியவர்கள் சமீபத்தில் எடுத்துப் போட்ட குளியலறைப் படத்தைப் பாருங்கள், அது நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லும்.

என் அனுபவத்தில் காசு அதிகம் வீணாவது நடு விலையில்தான். ஆறாயிரம், எட்டாயிரம் வாங்கும் பல இடங்களில் வாசலில் சரவிளக்கு தொங்கும், கழுத்தில் மாலை போட்டு வரவேற்பார்கள். மேலே போனால் மூவாயிரம் ரூபாய் ஓட்டலில் இருக்கிற அதே மெத்தை, அதே மெல்லிய கதவு, அதே ஆள் பற்றாக்குறை. லாட்ஜ் எளிமையும் இல்லை, ஸ்டார் ஓட்டல் தூக்கமும் இல்லை. இரண்டரை, மூன்றரை ஆயிரத்தில் சுத்தமான பிசினஸ் ஓட்டல் போதும். இல்லையென்றால் காசு சேர்த்து ஒரே ஒரு ராத்திரி உண்மையான ஐந்து நட்சத்திரம். நடுவில் நிற்க வேண்டாம்.

வரியும் இந்த இடத்தில்தான் சட்டென்று ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் அறை வாடகை முழுவதற்கும் 18 சதவீதம். அதாவது 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770; 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு. உங்கள் பதினைந்தாயிரத்தில் வரி மட்டும் ஏறக்குறைய 2,300 ரூபாய். அதனால் நல்ல ஓட்டலிலேயே எட்டாயிரத்தை ஒட்டிய அறை கண்ணில் பட்டால், பக்கத்துத் தேதியில் ஏழாயிரத்து ஐந்நூறுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

சில வேலைகளுக்கு எவ்வளவு வசதி இருந்தாலும் பெரிய ஓட்டல் வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ ஜிஹெச்சிலோ ஆளைச் சேர்த்துவிட்டுக் கூட இருக்கிறவர்களுக்கு, நடந்து போகிற தூரத்தில் சுத்தமான கட்டிலும் வெந்நீரும் போதும். காலை ஆறு மணிக்கு சென்ட்ரலில் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்குப் பெரியமேட்டில் ஒரு அறை போதும். கல்யாணத்துக்கு வரும் உறவுக்காரர்கள் அறையில் இருப்பது ஐந்து மணி நேரம். மண்டபத்துக்குப் பக்கத்தில் எது சுத்தமோ அதுவே நல்லது. திருக்கடையூரும் இந்தக் கணக்குதான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தலை குளிக்க வேண்டும், கோயில் பக்கத்தில் வெந்நீர் வருகிற அறை எதுவோ அதை எடுங்கள். அங்கே மிச்சமாகிற காசைச் சென்னைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான் செய்கிற சோதனையைச் சொல்லிவிடுகிறேன். தலையணையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். விரிப்பைக் கால்மாட்டில் தூக்கி மெத்தையைப் பார்ப்பேன். குளியலறைக் கதவைச் சாத்தி ஒரு நிமிடம் நின்று, சாக்கடை வாடை வருகிறதா என்று பார்ப்பேன். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஏசியைப் போடுவேன். தண்ணீர் சுடுவதற்குள் ஏசியின் சத்தம் எப்படி என்று தெரிந்துவிடும். இவ்வளவு பார்க்கவிடாத இடத்தில் தங்கவே வேண்டாம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த நாள் என்பதுதான் விலையில் பாதி. சென்னையின் பெரிய ஓட்டல்கள் பெரும்பாலும் அண்ணா சாலையிலும் அதற்குத் தெற்கேயும் இருக்கின்றன, கம்பெனி ஆட்களை நம்பி நடக்கின்றன. திங்கள் முதல் வியாழன் வரை நிறையும். ஞாயிறு ராத்திரி பொதுவாகக் காலியாக இருக்கும், விலையும் இறங்கும். கோவளம், மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கு நேர் எதிர்: வார இறுதியில் ஏறும், செவ்வாய், புதனில் இறங்கும். முகூர்த்த நாள் என்றால் ஞாயிறும் கைகொடுக்காது, கல்யாண வீட்டார் மாடி மாடியாக எடுத்துவிடுவார்கள். ஆகவே காலண்டரைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத ஞாயிறாக எடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மற்ற மாதங்களைவிட இறங்கியிருக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் கச்சேரி சீசன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றிவிடும். அப்போது வேண்டாம்.

எந்த ஓட்டல்? வயதானவர்களுக்கு, அதுவும் இந்த ஊர்க்காரர்களுக்கு என்றால் நான் கன்னிமாராவைத்தான் முதலில் சொல்வேன். 1854இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கி, பின்னாளில் மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரை வாங்கிய ஓட்டல். 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதை மாற்றியமைத்தார். அந்தக் கட்டடத்தை உங்கள் அப்பா ஸ்பென்சர் பக்கம் போகும்போதெல்லாம் வெளியிலிருந்து பார்த்திருப்பார். பிரமாண்டம்தான் வேண்டும் என்றால் கிண்டியில் 2012இல் திறந்த கிராண்ட் சோழா, அறுநூறு அறை. ஆனால் அவ்வளவு பெரிய கட்டடத்தில் அறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நிறைய நடக்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் யோசியுங்கள். இரண்டுக்குமே தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் போகலாம். ஒன்றுக்கு எல்ஐசி நிலையம், மற்றதற்கு சின்னமலை அல்லது கிண்டி. பெட்டி இருப்பதால் கடைசிக் கொஞ்சம் தூரத்துக்கு ஆட்டோ பிடியுங்கள்.

உள்ளே நுழைவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதி ஆட்கள் அந்த வாசலில் தயங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய கார்கள் நிற்கும், காவலர் பையைத் திறக்கச் சொல்வார், எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவது போலத் தோன்றும். அம்மா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நிற்பார். தயவுசெய்து முதல் ஒரு மணி நேரம் நீங்கள் கூட இருங்கள். உள்ளே வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வருகிறவர்கள். தமிழில் பேசுங்கள், நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் அவர்கள் முகமே மலரும். அங்கே உங்கள் பெற்றோர் காசு கொடுத்து வந்த விருந்தினர், வேறு எவரையும்விட ஒரு படி குறைந்தவர்கள் கிடையாது.

அறைக்குப் போனதும் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுங்கள். சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும், லிஃப்டிலும் அதைக் காட்ட வேண்டும். குளியலறைக் குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும் என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். அங்கே வெந்நீர் எடுத்த எடுப்பிலேயே சுடும். கட்டில் ஓரத்தில் எல்லா விளக்கையும் அணைக்கும் ஒரே சுவிட்ச் எது, ராத்திரி எழுந்தால் தரையோரம் வெளிச்சம் தரும் சின்ன விளக்கு எது என்றும் காட்டுங்கள். ஏசியை இருபத்தாறில் வைத்துவிட்டு, கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கி வையுங்கள். பதிவு செய்யும்போதே பாத்டப் இல்லாத, நின்று குளிக்கிற அறை வேண்டும் என்று சொல்லுங்கள். பழக்கமில்லாத பெரியவர்கள் வழுக்கி விழுவது அந்தத் தொட்டியில் ஏறி இறங்கும்போதுதான். லிஃப்டுக்குப் பக்கத்து அறையும் வேண்டாம், ராத்திரியெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும்.

எங்கள் வேலையில் மறக்க முடியாத ஒரு அறை உண்டு. பிள்ளைகள் ஏற்பாடு செய்து ஒரு அம்மாவும் ஐயாவும் தங்கியிருந்தார்கள். அவர்கள் கிளம்பியதும் போய்ப் பார்த்தால் படுக்கை விரித்தபடி நேர்த்தியாக மடித்திருந்தது, காபி கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன, குளியலறைத் தரை துடைத்திருந்தது. தான் படுத்த படுக்கையை இன்னொருவர் எடுப்பது அந்த அம்மாவுக்கு மனசுக்கு ஒப்பவில்லை போலிருக்கிறது. எங்களுக்கு எப்படியும் எல்லாத் துணியையும் உருவித்தான் ஆக வேண்டும், அதனால் வேலை ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்காமல் போய்விட்டது. உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அதைச் செய்ய அங்கே சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார், அம்மா எதையும் எடுத்து வைக்க வேண்டாம், அறையை விட்டு வரும்போது அந்த ரூம் பாய் கையில் நூறோ இருநூறோ கொடுத்தால் போதும் என்று. கையில் கொடுப்பதுதான் முக்கியம். பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். காலைச் சாப்பாடு சேர்ந்த வாடகையாக எடுங்கள். தனியாக வாங்கினால் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விடும். பஃபேயில் இட்லி, பொங்கல் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மூடி போட்டுச் சூட்டில் வைத்த இட்லியைவிட நம் தெருமுனை இட்லி மேல். கண்ணெதிரே ஊற்றித் தரும் தோசை, முட்டை, அவர்களே சுட்ட ரொட்டி வகை, வெட்டிவைத்த பழங்கள், இதையெல்லாம் நிதானமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடட்டும். ராத்திரிச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விலை அறை உள்ள ஓட்டல்களில் உணவுக்கும் 18 சதவீத வரி, வெளியே தனி உணவகத்தில் 5 சதவீதம்தான். காசிமேட்டு வஞ்சிரத்தை நான்கு மடங்கு, ஐந்து மடங்கு விலையில் தட்டில் பார்த்தால் அப்பாவுக்கு அந்த மீன் இறங்காது. நீங்கள் எல்லோருமாக வெளியே ஒரு நல்ல இடத்தில் சாப்பிட்டுவிட்டு, அவர்களை ஓட்டலில் விட்டு வாருங்கள். குளிர்பெட்டியில் இருக்கும் எதையும் தொடக் கூடாது, துணி துவைக்கப் போடக் கூடாது. மேசையில் வைத்திருக்கும் இரண்டு பாட்டில் தண்ணீரும் டீத்தூளும் இலவசம்.

இன்னொரு செலவு பலருக்குத் தெரியாது. உள்ளே போகும்போது வாடகைக்கு மேல் ஒரு தொகையை முன்பணமாகக் கேட்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் தொகையை நிறுத்தி மட்டும் வைப்பார்கள். டெபிட் கார்டோ யுபிஐயோ என்றால் காசு உண்மையிலேயே போய்விடும், திரும்ப வரச் சில நாள் ஆகும். சில ஆயிரங்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள், அங்கே நின்று அண்ணனுக்குப் போன் போடும்படி ஆகக் கூடாது. இருவரின் அடையாள அட்டையும் அசல் வேண்டும்.

அண்ணன் சொன்ன வாஷிங் மெஷினுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைவாகப் பேச மாட்டேன். கடன் வாங்கித்தான் ஓட்டல் என்றால் நான் அவர் பக்கம். காசு கையில் இருந்தால் இதை யோசியுங்கள்: மெஷின் வீட்டுக்கு வரும், வீட்டில் எல்லோருடைய துணியும் அதில் போகும், அதை இயக்கப் போவதும் அம்மாதான். அப்பா அம்மாவுக்கு என்று மட்டும் இந்த வீட்டில் கடைசியாக யார், எப்போது செலவு செய்தீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் நான்கைந்து பேருக்கு ஒரு கூடமும் ஒரு அறையும்தான். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு இடம் கிடைத்திராத தம்பதிகள் இங்கே எத்தனையோ. அதனால் பேரப்பிள்ளைகளைக்கூட அன்று ராத்திரி அனுப்பாதீர்கள். பிள்ளைகள் வந்தால் அம்மாவுக்கு அங்கேயும் வீட்டு வேலைதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திருக்கடையூர் முடிந்து இரண்டு வாரம் போகட்டும். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பதிவுத் தளத்தில் அன்றைய விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓட்டலுக்கே நேராகப் போன் செய்து ரிசர்வேஷனைக் கேளுங்கள். தளத்தின் வழியாகப் போனால் ஓட்டல் கணிசமான கமிஷன் கொடுக்க வேண்டும். அதனால் அதே விலைக்குக் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துத் தர பல நேரம் ஒப்புக்கொள்வார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையை எடுக்காதீர்கள், வயதானவர்கள் விஷயத்தில் கடைசி நேரத்தில் எதுவும் மாறலாம். அறுபதாம் கல்யாணம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அறையில் பூ அலங்காரமோ சின்ன கேக்கோ காசு வாங்காமல் வைப்பார்கள். செக் இன் இரண்டு மணி என்பார்கள். ஞாயிறு மதியம் காலி அறை இருக்கும் வாய்ப்பு அதிகம், பன்னிரண்டுக்கே கிடைக்குமா என்று கேளுங்கள். திங்கள் காலை கிளம்புவதற்கும் இரண்டு மணி வரை அவகாசம் கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் முழுசாக இருபத்தாறு மணி நேரம் அந்த அறை அவர்களுடையது.